கீழே தணல், மேலே தணல்... ஒரே சட்டியில் வீட்டுக்கே சாப்பாடு!

"டாக்டர் தம்பி, இது மருந்தா, விஷமான்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க!"

வாலிநோக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெரியம்மா, கையோடு கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே சதுரமாக வெட்டிய இரண்டு துண்டுகள். மேலே பொன்னிறமாக முறுகியிருந்தது. ஓரத்தில் நெய் மினுங்கியது. வாசனை, சொல்லக்கூடாது... எனக்கே பசித்தது!

பின்னால் நின்ற மருமகள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெல்லச் சிரித்தார். அவருடைய கணவர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஓர் ஓவன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து வீட்டில் வாரம் மூன்று நாள் இதுதான். மைதா மக்ரோனி, கோழி, வெண்ணெய், அதற்கு மேல் இரண்டு விரல் கனத்துக்குச் சீஸ். பேரப்பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்களாம். பாட்டியம்மாவும் ஆசைக்கு ஒரு துண்டு, அப்புறம் இன்னொரு துண்டு.

இந்த மாதிரிப் பண்டத்துக்கு மேல்நாட்டில் 'கேசரோல்' என்று பெயர். நம் வீடுகளில் கேசரோல் என்றால் சப்பாத்தி சூடு ஆறாமல் வைக்கிற பிளாஸ்டிக் டப்பா! அங்கே அது மூடி போட்ட கனமான பாத்திரத்துக்கும், அதில் ஓவனில் வெந்து, அந்தப் பாத்திரத்தோடே மேஜைக்கு வருகிற சாப்பாட்டுக்கும் பெயர். (பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நம் வீட்டு டப்பாவைத் தூக்கி ஓவனில் வைத்துவிடாதீர்கள். உருகிப்போகும்.)

பெரியம்மாவுக்கு அறுபத்தைந்து வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை, கூடவே ரத்தக்கொதிப்பு. மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையில் எட்டரைக்கு மேல் போய்விட்டது. எல்லாப் பழியையும் மருமகளின் ஓவன்மேல் போடலாம் என்றுதான் கிளம்பி வந்திருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு என்னவெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"மத்தபடி நீங்க சொன்ன குதிரைவாலிச் சோறுதான் தம்பி. மதியம் ரெண்டு தட்டு. ராவைக்கு ஒரு தட்டு. காலைல கருப்பட்டிக் காப்பி மூணு தரம். சீனி தொடுறதே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. குதிரைவாலி சாப்பிடுங்கள் என்று சொன்னவன் நான்தான். எவ்வளவு என்று சொல்லாமல் விட்டவனும் நான்தான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் உணவே மருந்து என்று படித்துவிட்டு வந்தவர்கள் எங்களில் பலர் செய்கிற தவறு இது. மருந்து என்று சொல்கிறோம், ஆனால் அளவைச் சொல்ல மறந்துவிடுகிறோம்!

குதிரைவாலி நல்ல தானியம். நார்ச்சத்து மிகுந்தது. நம் ராமநாதபுரம், விருதுநகர்ச் சீமையின் மானாவாரி நிலத்தில் மழையை நம்பியே விளைவது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு பட்டணத்துக் கடைகளிலும் பளபளவென்று பாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் அது தானியம்தானே? 100 கிராம் குதிரைவாலி அரிசியில் ஏறக்குறைய 65 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நெல்லரிசியைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மூன்று தட்டுச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? கருப்பட்டியும் அப்படியே. பனையிலிருந்து வருவது, சிறிதளவு தாதுச் சத்துக்கள் உள்ளது, எல்லாம் உண்மைதான். ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. சாயல்குடிப் பக்கத்துப் பனையை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அதற்காக நீரிழிவுக்காரர் அதை மருந்துபோலக் குடிக்கலாம் என்றும் எழுதமாட்டேன்.

இனி ஓவன் விஷயத்துக்கு வருவோம்.

ஓவன் குற்றவாளியா?

இல்லை. ஓவன் வெறும் அடுப்பு. அதற்குள் என்ன வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொல்லப்போனால், மேலும் கீழும் சூடு கொடுத்துச் சட்டியில் வேகவைக்கிற வித்தை நமக்குப் புதிதே அல்ல. பிரியாணிக்குத் தம் போடும்போது மூடியின்மேல் தணலை அள்ளிப் போடுகிறோமே, அது என்ன? மலபார்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் 'சட்டிப்பத்திரி' என்று அடுக்கடுக்காக வைத்து மேலும் கீழும் கனல் வைத்து எடுப்பார்கள். கோவாவில் 'பெபின்கா' என்ற அடுக்கு இனிப்பு, மேலே தணல் வைத்து ஒவ்வோர் அடுக்காக வேகவைப்பது. கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் டச்சு வம்சாவளிப் பறங்கியர் வீட்டு 'லம்ப்ரைஸ்' இருக்கிறது. சோறு, கறி, சம்பல் எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து ஓவனில் வைத்து எடுக்கிறார்கள்.

நம் கடற்கரையில் 'தக்கடி' இருக்கிறதே, அது ஓவனில் வேகாவிட்டாலும் இதே குடும்பம்தான். அரிசிமாவு, தேங்காய், சின்ன வெங்காயம் சேர்த்துப் பிடித்த உருண்டைகளைக் கறியோடு ஒரே சட்டியில் வேகவிடுவது. தானியமும் கறியும் ஒன்றின் சாரத்தை ஒன்று உறிஞ்சிக்கொள்ளும். தனியாகச் சோறு, தனியாகக் குழம்பு, தனியாகப் பொரியல் என்று மூன்று தரம் தாளிக்கிற எண்ணெய் மிச்சம்.

இதைச் சொன்னதும் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க உம்மா கல்யாண வீட்டுக்கு முட்டையும் மாவும் அடிச்சு, மேல தணல் வச்சுத்தான் எடுப்பாங்க. அப்ப இந்த ஓவன்லயும் நம்ம சாமானை வச்சுச் சுடலாமா?" என்றார். கேள்வி மருமகளைப் பார்த்துத்தான். ஆனால் பதில் சொல்ல வேண்டியது நான்!

அன்றைக்கு ஒரு தாளை எடுத்து அவர்களோடு உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததைத்தான் வாசகர்களுக்கும் தருகிறேன்.

குதிரைவாலி - முருங்கைக்கீரைச் சட்டி அடை

நாலு பேருக்கு அளவு சொல்கிறேன். குதிரைவாலி அரிசி ஒரு கப். அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு கப் தண்ணீரில் குழையாமல் வேகவையுங்கள். பாசிப்பருப்பு அரை கப். வாசனை வரும்வரை வறுத்து, மலர வெந்ததும் இறக்கிவிட வேண்டும். கடைந்துவிடக் கூடாது. உருவிய முருங்கைக்கீரை மூன்று கைப்பிடி, துருவிய மஞ்சள் பூசணி ஒரு கப், சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு ஆறு பல், ஒரு துண்டு இஞ்சி, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி பொடித்தது, கொஞ்சம் மஞ்சள்தூள். காரத்துக்கு நம் ஊர் முண்டு மிளகாய் இரண்டு. (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. வீட்டில் வைத்துக்கொண்டே கடைத்தூள் வாங்குகிறவர்களை என்ன சொல்ல?) கெட்டித் தேங்காய்ப்பால் அரை கப், முட்டை இரண்டு, நல்லெண்ணெய் மூன்று தேக்கரண்டி.

எண்ணெயில் இரண்டு தேக்கரண்டியை விட்டு வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாயை வதக்கி, பூசணியையும் கீரையையும் போட்டு இரண்டு பிரட்டுப் பிரட்டி இறக்குங்கள். பருப்பையும் பொடிகளையும் இதில் சேர்க்க வேண்டும். மிச்ச எண்ணெயைச் சட்டியின் உள்பக்கம் தடவி, பாதிச் சோற்றைப் பரப்பி, அதன்மேல் கீரைக் கலவை, அதன்மேல் மீதிச் சோறு. கரண்டியின் முதுகால் லேசாக அழுத்திவிடுங்கள். முட்டையைத் தேங்காய்ப்பாலில் அடித்து மேலே ஊற்றினால் அது இறங்கி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். முட்டை சாப்பிடாதவர்கள் இரண்டு மேஜைக்கரண்டிக் கடலைமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து ஊற்றலாம்.

ஓவன் உள்ளவர்கள் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். நடுவில் கத்தியால் குத்தினால் ஈரமில்லாமல் வர வேண்டும்.

ஓவன் இல்லையா? கவலையே வேண்டாம். பழைய குக்கர் ஒன்று போதும். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அடியில் ஓர் அங்குலக் கனத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் சின்ன ஸ்டாண்டு. மூடி போட்டுப் பத்து நிமிடம் வெறுமனே சூடேற்றி, பிறகு சட்டியை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம். மேல்பக்கம் அவ்வளவாகச் சிவக்காது, ருசியில் குறையில்லை. நிஜத் தணலில்தான் செய்வேன் என்கிறவர்கள் கொல்லைப்புறத்தில், காற்றாட வைத்துச் செய்யுங்கள். அடைத்த சமையலறையில் கரித்தணல் வைத்தால் அந்தப் புகையில்லாத வாயுவே ஆளை மயக்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

மண்சட்டியில் செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். குளிர்ந்த சட்டியைத் திடீரென்று சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடும். ஓவனோடு சேர்ந்தே அதுவும் சூடேறட்டும். ஓரத்தில் கருகியதைப் பிள்ளைகள் சண்டை போட்டுச் சுரண்டித் தின்பார்கள். பொன்னிறம் வரை சரி, கரியானதை எடுத்துப்போட்டுவிடுங்கள்.

உப்பு எங்கே?

மருமகளே கேட்டார். வேண்டுமென்றுதான் கடைசிக்கு வைத்திருந்தேன்.

வாலிநோக்கத்துக்காரர்களிடம் உப்பைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சங்கடமான காரியம். ஊரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உப்பளம். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் பெரிய உப்பளம் மாரியூர் - வாலிநோக்கத்தில்தான் இருக்கிறது. உப்பு அங்கே பலருக்குச் சோறு. அதோடு கருவாடு வேறு. கடலோர வீட்டில் கருவாடு இல்லாத வாரம் ஏது?

நாளொன்றுக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், சீஸ் எல்லாவற்றிலும் ஒளிந்திருப்பதும் இதில் சேர்த்தி. ஆகவே மேலே சொன்ன முழுச் சட்டிக்கும் தலைதட்டிய ஒரே ஒரு தேக்கரண்டி உப்பு. கீரைக் கலவையில் மட்டும் போடுங்கள், சோற்றில் வேண்டாம். சப்பென்று இருக்குமே என்பீர்கள். அதற்குத்தான் மிளகும் பூண்டும் வறுத்த பருப்பும். சாப்பிடும்போது எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொள்ளுங்கள். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவது நாக்குக்குத் தெரியாது. கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேரவும் அது உதவும். (வெயிலில் அளத்தில் நின்று வேர்வை கொட்ட வேலை செய்கிறவர்கள் கணக்கு வேறு. அவர்கள் முதலில் போதுமான தண்ணீர் குடிக்கிறார்களா என்று பாருங்கள்.)

"அப்ப சோடியம் குறைச்ச உப்புன்னு விக்கிறாங்களே, அதை வாங்கிடவா?" என்று மருமகள் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் அவர் மாமனாரின் கதை வெளியே வந்தது. பெரியவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, ராமநாதபுரத்தில் ஆங்கில மருத்துவம் நடக்கிறது. எனக்கு அதுவரை தெரியாது!

வாசகர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். சோடியம் குறைத்த உப்பில் அதற்குப் பதிலாகப் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். ரத்தக்கொதிப்பு மட்டும் உள்ள பலருக்கு அது நன்மை. சிறுநீரகம் பழுதானவருக்கோ வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கி, இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிவிடலாம். ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை உப்பைச் சிபாரிசு செய்தபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றே சொன்னது. வீட்டில் ஒருவருக்கு அந்தக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உப்பு டப்பாவை மாற்றாதீர்கள்.

உப்பு மட்டுமல்ல. முருங்கைக்கீரை, பருப்பு, தேங்காய்ப்பால், மூன்றுமே பொட்டாசியம் உள்ளவை. எனக்கும் உங்களுக்கும் நல்லது, அந்தப் பெரியவருக்கு ஆகாது. இரண்டு மாதத்துக்கு முன்பு நான் பாட்டுக்கு "வீட்டில் எல்லாரும் முருங்கைக்கீரை சாப்பிடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பியிருந்தால்?

ஒரே சட்டி, தட்டு வேறு

இந்தச் சட்டி அடையில் ஒரு வசதி இருக்கிறது. அடுக்கும்போதே ஒரு மூலையைப் பிரித்துக்கொள்ளலாம். பெரியவருக்கு அந்த மூலையில் நெல்லரிசிச் சோறு, துருவிப் பிழிந்த சுரைக்காய், முட்டையின் வெள்ளைக்கரு மட்டும். நடுவே ஒரு வாழையிலைத் துண்டை நிறுத்திவிட்டால் கலக்காது. எவ்வளவு புரதம், எவ்வளவு தண்ணீர் என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். நான் சித்த மருத்துவன்தான். அதற்காக அடுத்தவர் பார்க்கிற நோயாளியை வீட்டுச் சமையலை வைத்துக் குழப்பக்கூடாது.

பெரியம்மாவுக்கு மீதியை ஆறு துண்டாக வெட்டி அதில் ஒன்று. கூடவே தட்டில் பாதியை நிரப்புகிற மாதிரி அவரைக்காயோ புடலங்காயோ வெள்ளரிக்காயோ. பசித்தால் காயை இன்னும் போட்டுக்கொள்ளலாம், அடையை அல்ல. கருப்பட்டிக் காப்பி நிறுத்தம். சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட வெந்நீர், இனிப்பில்லாமல். முகம் சுருங்கிப்போச்சு, பாவம். என்ன செய்ய?

மருமகளின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ரத்தசோகை. அவருக்குக் கீரை நிறைய உள்ள நடுத்துண்டு, எலுமிச்சம்பழச் சாறோடு. சாப்பிட்டதும் டீ குடிக்கிற வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொன்னேன். டீயிலுள்ள துவர்ப்பு இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் இரும்பு மாத்திரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கீரையே போதும் என்று இருந்துவிடக்கூடாது.

பிள்ளைகள் சீஸ் கேட்டு அழுவார்களே? முதல் வாரம் மேலே ஒரு மேஜைக்கரண்டி துருவிப் போடுங்கள், அடுத்த வாரம் பாதி. அப்புறம் வறுத்த எள்ளைத் தூவிவிடுங்கள். மொறுமொறுப்பு இருந்தால் பிள்ளைகள் அவ்வளவாகக் கண்டுபிடிப்பதில்லை!

மீன் வைத்துச் செய்யலாமா?

தாராளமாக. கடல் பக்கத்திலே இருந்துகொண்டு கோழியை வாங்குவானேன்? பாறை, விளமீன் போன்ற சதைப்பிடிப்பான மீனை முள் நீக்கி அரைக் கிலோ எடுத்து மஞ்சள், மிளகு, பூண்டு விழுது பிசிறுங்கள். அடியில் அரைவேக்காட்டு வாழைக்காய் வில்லைகள், மேலே மீன், அதன்மேல் வெங்காயமும் தக்காளியும் வதக்கிய கூட்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால். 180 டிகிரியில் 25 நிமிடம். பொரித்த மீனுக்கு வேண்டிய எண்ணெயில் கால்வாசிகூட ஆகாது.

மீனோடு பசும்பால், சீஸ், பாலாடை சேர்க்கிற மேல்நாட்டுக் குறிப்புகளை மட்டும் நான் சிபாரிசு செய்வதில்லை. மீனும் பாலும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்பது எங்கள் வைத்திய மரபு. ஐரோப்பாக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று நீங்கள் வாதாடலாம். தேங்காய்ப்பால் அதைவிட ருசி என்பது என் பதில்.

கீரை போட்ட அடையை மதியத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கீரை சீரணத்துக்குக் கனம். ராத்திரிக்குத்தான் நேரம் கிடைக்கிறது என்கிறவர்கள் கீரைக்குப் பதில் பீர்க்கங்காயோ சுரைக்காயோ போட்டுச் செய்யலாம்.

கிளம்புகிற நேரத்தில் மருமகள் வாசலில் நின்று கேட்டார்: "மிஞ்சிச்சுன்னா ஃப்ரிட்ஜில வச்சு ரெண்டு நாளைக்கு வச்சுக்கலாமா டாக்டர்?"

நேற்றுச் சமைத்ததை இன்று தொடாதே என்பது தேரையர் வகுத்த ஒழுக்கம். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துச் சொல்தான். இருந்தாலும் நம் கடலோரப் புழுக்கத்தில் தேங்காய்ப்பால் சேர்ந்த பண்டம் எத்தனை சீக்கிரம் கெடும் என்று உங்களுக்கே தெரியும். வெந்த தானியத்தை வெளியே வைத்திருந்தாலும் கிருமி பெருகும். சில கிருமிகளின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மதியத்துக்குள் ஆவி பறக்கச் சூடாக்கி முடித்துவிட வேண்டும். மீன் சேர்த்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

போன மாதம் பெரியம்மா மறுபடி வந்தார். மாத்திரை, நடை, இந்த அளவுச் சாப்பாடு மூன்றும் சேர்ந்து மூன்று மாதச் சராசரி ஏழரைக்கு இறங்கியிருக்கிறது. கையில் அதே தூக்குவாளி. "உப்பு சரியா இருக்கான்னு பாருங்க தம்பி" என்று நீட்டினார். ஒரு துண்டு சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் தூக்கல்தான். சொன்னதும் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் சிரித்துக்கொண்டே, "அத்தை போட்டது டாக்டர், நான் பாக்காத நேரத்துல!" என்றார்.